மாதக்கணக்கில் நின்ற பழைய கார் கிளம்பவில்லையா?

மாதக்கணக்கில் மூடி வைத்திருந்த பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் எல்லோரும் பேட்டரியைத்தான் திட்டுவார்கள், பெரும்பாலும் அது சரிதான். ஆனால் புது பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ் இருக்கிறது. அப்படியிருந்தும் சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது என்று சந்தேகப்படலாம். ஒயர் மாட்டும் பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைச் சுரண்டிவிட்டு, பாடியோடு சேரும் எர்த் ஒயரையும் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். அதை யாரும் கவனிப்பதே இல்லை.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) உள்ள வண்டியில் என் முதல் சந்தேகம் பெட்ரோல் மேல்தான். நாள்பட்ட பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய், மிச்சம் பிசின் மாதிரி, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பாயும் ஜெட்டின் ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். டேங்க் மூடியைத் திறந்தாலே வார்னிஷ் வாடை அடிக்கும்.

அப்புறம், கொஞ்ச நேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றுங்கள். நுனி நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் பக்கம் தேடலாம். காய்ந்து கிடந்தால் பம்பும் ஃபில்டரும்தான் அடுத்து. எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பானெட்டுக்குள் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள், சிரிக்காதீர்கள், இது நிறையவே நடக்கிறது.