பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தக் கணிதம்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் பாளையங்கோட்டைப் பள்ளிகளின் அலுவலக வாசலில் நிற்கும் பெற்றோர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: எந்த குரூப் கிடைக்கும்? கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்குக் கணிதம் கற்பிப்பவள் என்பதால், உறவினர்களும் தெருக்காரர்களும் என்னிடமும் அதையே கேட்கிறார்கள். "டீச்சர், பிள்ளைக்கு ஃபர்ஸ்ட் குரூப் போட்டுரலாமா?" என்று கேட்பவர்களிடம், பிள்ளை அடுத்த இரண்டு ஆண்டுகள் எந்தக் கணிதத்தைப் படிக்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், குரூப் அதன் பிறகு தானாக அமைந்துவிடும் என்று சொல்லி வருகிறேன். அதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப் என்ற எண்களை நம்பி முடிவெடுக்கக் கூடாது; ஒரு பள்ளியில் இரண்டாவதாக இருப்பது இன்னொரு பள்ளியில் மூன்றாவதாக இருக்கும். நான்கு பாடங்களின் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் கணிதத்தைப் பொறுத்தவரை மூன்று வழிகள் உள்ளன. இயற்பியல், வேதியியலோடு சேர்த்து, உயிரியலோ கணினி அறிவியலோ துணையாக வர, முழுமையான கணிதத்தைப் படிப்பது ஒன்று. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு வணிகக் கணிதமும் புள்ளியியலும் என்ற பாடத்தைப் படிப்பது இரண்டாவது. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக வரும் தூய அறிவியல் குரூப்பிலும், கணிதம் சேராத வணிகவியல் குரூப்பிலும், கணிதத்தை அத்தோடு விட்டுவிடுவது மூன்றாவது.

இந்த மூன்றில் எதைத் தேர்ந்தாலும் அதன் விளைவு பிளஸ் டூ முடிந்த பிறகுதான் முழுதாகத் தெரிகிறது. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் உள்ளிட்ட பொறியியல் கல்லூரிகளுக்கான தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பாதி எடை கணிதத்தின் மேல் இருக்கும்போது, கணிதத்தில் தள்ளாடும் பிள்ளையைப் பொறியியலுக்காக அந்த குரூப்பில் சேர்ப்பது இருமுறை இழப்பாகும். கட்டடக்கலைப் படிப்புக்கும் கணிதம் வேண்டும். நீட் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டுமே உண்டு, கணிதம் கேட்கப்படுவதில்லை. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியைக் கனவாக வைத்திருக்கும் வீடுகளில் கணிதத்தை விடலாமா என்ற பேச்சு எழுவது இதனால்தான்.

மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 20, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 50, செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் சேர்த்து 16 என்று 100 மதிப்பெண் பிரிகிறது. வடிவியலையும் வரைபடத்தையும் பயிற்சியால் கைக்குப் பழக்கி, ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்து, அளவியலிலும் புள்ளியியலிலும் வாய்பாட்டில் எண்களைப் பொருத்திக் கணக்கிட்டு வரும் பிள்ளை, இயற்கணிதத்தில் பெரிதாகக் கால் ஊன்றாமலேயே 80க்கு மேல் வாங்கிவிட முடியும். பிளஸ் ஒன் கணிதமோ முதல் வாரத்திலிருந்தே இயற்கணிதத்தின் மேல்தான் நிற்கிறது. அதே சமயத்தில், வீட்டுச் சூழலாலோ தேர்வுப் பயத்தாலோ 60 மட்டும் வாங்கிய பிள்ளைக்கு இயற்கணிதம் நன்றாகக் கைவந்திருக்கவும் கூடும். மதிப்பெண் பட்டியலில் இந்த இரண்டு பிள்ளைகளையும் பிரித்தறிய முடியாது.

ஆகவே, கேட்டு வருபவர்களின் பிள்ளையை உட்கார வைத்து ஒரு கணக்கு கொடுப்பேன். ஒரு பேருந்து 120 கிலோமீட்டர் தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் சென்றிருந்தால் 1 மணி நேரம் முன்னதாகச் சேர்ந்திருக்கும். அதன் வேகம் என்ன? இது பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டுக் கணக்குதான். விடை மணிக்கு 30 கிலோமீட்டர். ஆனால் நான் விடையை மட்டும் பார்ப்பதில்லை. வாக்கியத்தைப் படித்தபின் தெரியாத வேகத்துக்கு ஒரு எழுத்தை வைத்து, இரண்டு நேரங்களின் வித்தியாசம் 1 என்று சமன்பாடாக எழுதத் தோன்றுகிறதா? பகுதியில் எழுத்து இருக்கும் இரண்டு பின்னங்களைக் கழிக்கும்போது குறி தவறாமல் செய்கிறதா? கடைசியில் 30 என்றும் கழித்தல் 40 என்றும் இரண்டு மூலங்கள் வரும்போது, இரண்டாவதை ஏன் விட வேண்டும் என்று தன் சொற்களில் சொல்கிறதா? முதலாவதும் மூன்றாவதும் இருந்தால், இரண்டாவதில் உள்ள தடுமாற்றத்தை ஒரு மாதப் பயிற்சியில் சரிசெய்துவிடலாம். பின்னங்களை வேகமாகக் கழித்துவிட்டு, சமன்பாட்டை யாராவது எழுதித் தர வேண்டும் என்று காத்திருக்கும் பிள்ளையைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். நேரம் கொடுங்கள், அருகில் நின்று அவசரப்படுத்தாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுவேன். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு தானாகவே எழுதி முடிக்கும் பிள்ளைக்கும் கணித குரூப்பைத் தயங்காமல் சொல்வேன்.

அவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். பதினோராம் வகுப்புக் கணிதத்தில் 12 அத்தியாயங்கள் உள்ளன. முதல் தொகுதியில் கணங்களும் சார்புகளும், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல், வரிசை மாற்றங்களும் சேர்வுகளும், ஈருறுப்புத் தேற்றம், பகுமுறை வடிவியல் என்று வரிசையாக வருகின்றன. இரண்டாம் தொகுதியில் அணிகள், வெக்டர், எல்லையும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடல், நிகழ்தகவு ஆகியவை இருக்கின்றன. பிளஸ் டூ கணிதம் இதன் மேலேயே கட்டப்படுகிறது. பகுதிப் பின்னங்களாகப் பிரிக்கத் தெரியாதவருக்குத் தொகையிடல் வராது, தொகையிடல் வராதவருக்கு வகைக்கெழுச் சமன்பாடு வராது. கல்லூரி முதலாமாண்டு வகுப்பில் வகைக்கெழுச் சமன்பாடு புரியவில்லை என்று வரும் மாணவரிடம் நான் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், சிக்கல் பெரும்பாலும் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில்தான் போய் நிற்கும்.

டாக்டருக்கும் இஞ்சினியருக்கும் இரண்டு வழியும் திறந்திருக்கட்டும் என்று கணிதத்தையும் உயிரியலையும் சேர்த்து எடுக்க வைப்பது எங்கள் பக்கத்தில் மிகுதி. இயல்பாகவே இரண்டிலும் ஈடுபாடு உள்ள பிள்ளைக்கு அது மிக நல்ல குரூப். இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத்தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் என்ற நான்கிலிருந்தும் சம எண்ணிக்கையில் வினாக்கள் வருவதால், ஆய்வுத்துறையை விரும்புபவருக்கு இந்த குரூப்பைவிடப் பொருத்தமானது இல்லை. பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று இன்னும் தெரியாததால் இரண்டையும் சுமக்கட்டும் என்பது வேறு விஷயம். நீட் பயிற்சி வகுப்புக்காகக் கணித வகுப்பைப் புறக்கணித்து, பின்னர் நீட் கைகூடாமல் பொறியியலுக்கு வரும்போது கட்-ஆஃபில் பாதியைக் கணிதத்தில் இழந்து நிற்கும் பிள்ளைகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன். நீட் மட்டுமே இலக்கு என்று பிள்ளை தெளிவாக இருந்தால் தூய அறிவியலை எடுப்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஆனால் தூய அறிவியலுக்குப் போகிறவர்கள் கணிதத்திலிருந்து விடுதலை கிடைத்தது என்று எண்ணிவிடக் கூடாது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் இயக்கவியல் இரண்டாவது அலகிலேயே வந்துவிடுகிறது. அங்கே வெக்டரும் வகையிடலும் தொகையிடலும் தேவைப்படுகின்றன. கணித குரூப்பில் இருப்பவர்களுக்கே அந்தப் பாடங்கள் இரண்டாம் தொகுதியில்தான் வரும். கணிதமே எடுக்காதவர்களுக்கு இயற்பியல் நூலில் தரும் சுருக்கமான அறிமுகத்தைத் தவிர வேறெங்கும் வராது. நீட் தேர்வின் 180 வினாக்களில் 45 இயற்பியலிலிருந்து வருபவை. ஆகவே தூய அறிவியல் பிள்ளைகள் பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே எளிய வகையிடலையும் வெக்டர் கூட்டலையும் யாரிடமாவது கேட்டுப் படித்துக்கொள்வது மிகவும் அவசியம்.

வணிகக் கணிதத்தைப் பற்றிப் பேசுபவர்களே குறைவு என்பது எனக்கு நீண்ட காலமாக உள்ள வருத்தம். மதிப்பெண் குறைந்தவர்களுக்கான பாடம் என்று ஊரில் ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. அது உண்மைக்கு நேர் மாறானது. அணிகள், வகையிடல், தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவை அதிலும் உண்டு. அவற்றோடு நிதிக் கணிதம், ஒட்டுறவும் தொடர்புப் போக்கும், நிகழ்தகவுப் பரவல்கள், கூறெடுப்பு, செயல்முறை ஆராய்ச்சி ஆகியவையும் வருகின்றன. இவற்றில் பலவற்றை முழுக் கணிதம் படிப்பவர்கள் பள்ளியில் பார்ப்பதே இல்லை. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து பல ஊர்களுக்குக் காய்கறி அனுப்பும் வியாபாரி ஒருவர், எந்தக் கிட்டங்கியிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மூடை அனுப்பினால் வாடகை குறையும் என்று அனுபவத்தால் கணிப்பதைத்தான் போக்குவரத்துக் கணக்கு என்ற தலைப்பில் பிளஸ் டூ மாணவர் முறையாகப் படிக்கிறார். பட்டயக் கணக்காளர் ஆக விரும்புபவருக்கு முதல்நிலைத் தேர்விலேயே 100 மதிப்பெண்ணுக்குக் கணிதம், தர்க்கம், புள்ளியியல் அடங்கிய தாள் உண்டு. வணிகவியலைத் தேர்கிற பிள்ளைக்குக் கணக்கில் ஓரளவு துணிவு இருந்தால், கணிதம் சேர்ந்த வணிகவியலையே கேட்டு வாங்குங்கள். பொருளியல், புள்ளியியல், கணினிப் பயன்பாட்டியல் போன்ற பட்டப் படிப்புகளின் பக்கம் பின்னர் திரும்ப அது பெரிதும் உதவும். கல்லூரிக்குக் கல்லூரி தகுதி விதி மாறும் என்பதால் அதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மத்திய வாரியப் (சி.பி.எஸ்.இ.) பள்ளிகளில் படிப்பவர்களுக்கும் ஒரு சொல். அங்கே பத்தாம் வகுப்பிலேயே நிலையான கணிதம், அடிப்படைக் கணிதம் என்று இரண்டு தாள்கள் உள்ளன. மேலே கணிதம் படிக்கும் எண்ணம் சிறிதேனும் இருப்பவர் முதலாவதையே எழுத வேண்டும். பதினோராம் வகுப்பில் 2020-21 முதல் வந்த பயன்பாட்டுக் கணிதம் வணிகம், பொருளியல் பக்கம் போகிறவர்களுக்கானது. பொறியியலுக்கு அது போதும் என்று கருதிவிடக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தை அழுத்துவது வேறொன்று. மானூர், முக்கூடல் பக்கத்துக் கிராமங்களில், தாய் பீடி சுற்றிப் படிக்க வைக்கும் வீடுகளில், பெண் பிள்ளைக்கு எந்தக் கணிதம் என்பதை அருகில் உள்ள பள்ளியில் எந்த குரூப் இருக்கிறது என்பதே தீர்மானித்துவிடுகிறது. கணிதத்தில் நல்ல தெளிவுள்ள பிள்ளை, நடந்து போகும் தூரத்தில் அந்த குரூப் இல்லை என்பதற்காகவே வேறொன்றில் சேர்கிறது. "பொம்பளப் பிள்ளைய டவுனுக்கு எதுக்கு அனுப்பணும்?" என்று பெரியப்பாவோ தாத்தாவோ சொல்லிவிட்டால் பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணம் இல்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் எல்லோருக்கும் கட்டணம் இல்லை. தினமும் ஒரு மணி நேரம் பேருந்தில் போய்வருவது சிரமம்தான். ஆனால் இரண்டு ஆண்டு காலச் சிரமம் அது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு பொறியியலில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடும் இருக்கிறது. கணிதம் படித்திருந்தால்தான் அந்தப் பிள்ளை அதைப் பயன்படுத்த முடியும். அத்தகைய வீட்டில் நீங்கள் சித்தியாகவோ, அத்தையாகவோ, பழைய ஆசிரியராகவோ இருந்தால், மே மாதத்திலேயே ஒரு முறை போய்ப் பேசுங்கள். ஜூனில் பேசினால் சேர்க்கை முடிந்திருக்கும்.

கணிதத்தைக் கணிதத்துக்காகவே விரும்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை வாய்ப்பு என்ற ஒன்றை மட்டும் பேசுவது நியாயமில்லை. இன்றைய தென்காசி மாவட்டத்தில், குற்றாலத்தை ஒட்டிய வல்லத்தில் 1901இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை என்ற சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் 73 எண்களின் ஆறாம் அடுக்குகளைக் கூட்டி எழுதிவிடலாம் என்று 1940இல் நிறுவினார். வேரிங் என்ற ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கேள்வியின் ஒரு பகுதி அது. அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், 1950இல் கெய்ரோ அருகே விமான விபத்தில் அவர் இறந்தார். எங்கள் மண்ணிலிருந்து இப்படி ஒருவர் போயிருக்கிறார் என்பதை இங்குள்ள பிள்ளைகளில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. எண்களோடு தானாக விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், சென்னை அருகே சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் இளநிலைப் படிப்பைப் பற்றிப் பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள். அதன் நுழைவுத்தேர்வு பாடநூல் வினாக்களைப் போல இருக்காது. சிந்தித்துப் பழகக் காலம் வேண்டும்.

முடிவு எதுவானாலும் பள்ளி திறப்பதற்கு முன்னுள்ள நாட்களை வீணாக்க வேண்டாம். கணிதமோ வணிகக் கணிதமோ எடுக்கும் பிள்ளை, பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து உறவுகளும் சார்புகளும், இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல் என்ற நான்கு அத்தியாயங்களை மட்டும் எடுத்து, எடுத்துக்காட்டுகளின் விடையை மூடி வைத்துவிட்டுத் தானாகச் செய்து பார்க்கட்டும். தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறுபவர்கள் இரு மொழிப் பாடநூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜூன் மாத வகுப்புகளில் பிள்ளை திணறுவது தெரிந்தால், முதல் பருவத் தேர்வு வரட்டும் என்று காத்திராமல் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். குரூப் மாற வேண்டியிருந்தால் தொடக்க வாரங்களில் கேட்பதுதான் எளிது. பாடங்கள் ஓடிவிட்ட பிறகு மாறினால் புதிய குரூப்பில் விட்டுப்போனவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.