இரண்டு பெரிய லிஸ்டை இணைக்கச் சொன்னால்

இரண்டு லிஸ்டையும் சேர், திரும்ப வருவதை நீக்கு. கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் ஜூனியர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் கேள்வி இது. எனக்கும் கோடிங் ரவுண்டில் வந்தது.

கோடு எழுதுவதற்கு முன் மூன்றைக் கேட்டுவிடுங்கள். லிஸ்ட் ஏற்கெனவே வரிசைப்படுத்தியதா? வந்த வரிசை மாறாமல் இருக்க வேண்டுமா? எல்லாம் மெமரியில் அடங்குமா? எந்த வழியில் போவது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு எண்ணும் விடை லிஸ்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்ப்பதுதான் பலரும் எழுதுவது. விடை சரிதான். ஆனால் பைத்தான் லிஸ்ட் ஒவ்வொரு முறையும் தலையிலிருந்து தேடும். ஒரு லட்சம் எண்கள், எல்லாம் வெவ்வேறு என்றால் ஏறக்குறைய 500 கோடி ஒப்பீடுகள். டைம் லிமிட் தாங்காது. எதையும் ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளும் செட் வைத்தால், எண்ணிலிருந்தே அதன் இடத்தைச் சொல்லும் ஹாஷைக் கணக்கிட்டு நேராக அந்த இடத்தையே பார்க்கும். லட்சம் தேடலில் வேலை முடியும்.

செட் வரிசையைக் காக்காது. வரிசை வேண்டுமென்றால் டிக்ட் (சாவியும் மதிப்பும் ஜோடியாக வைப்பது; எண்களைச் சாவியாக வையுங்கள்), பைத்தான் 3.7 முதல் அது நுழைந்த வரிசையைக் காப்பது உறுதி. ஜாவாவில் லிங்க்டுஹாஷ்செட்.

எனக்கு மிகவும் பிடித்தது வரிசைப்படுத்திய லிஸ்டுகள் வரும் வகை. செட்டே வேண்டாம். 2, 4, 4, 9 ஒரு பக்கம். 4, 5, 9, 9 மறுபக்கம். இரண்டின் தலையிலும் ஒரு பாயின்டர், அதாவது எங்கே நிற்கிறோம் என்று காட்டும் குறி. சிறியதை எடுங்கள், விடையின் கடைசி எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். 2 போகிறது, 4 போகிறது. அடுத்த இரண்டு 4-ம் கடைசி எண்ணோடு ஒத்துப்போவதால் விட்டுவிடுகிறோம். அப்புறம் 5, 9. இப்போது முதல் லிஸ்ட் தீர்ந்தது. மிச்சத்தை அப்படியே ஒட்டினால் 9 மீண்டும் மீண்டும் வரும்! மிச்சத்துக்கும் அதே சோதனை வேண்டும். இந்த இடத்தைப் பேப்பரில் கையால் ஓட்டிப் பாருங்கள். டெஸ்ட் கேஸ் பெரும்பாலும் இங்கேதான் விழும்.

மெமரியில் அடங்காத ஃபைலா? துண்டு துண்டாக வரிசைப்படுத்திச் சேமித்து, இருப்பதில் சிறியதை எப்போதும் மேலே வைத்திருக்கும் ஹீப் வைத்து இணையுங்கள். இணைக்கும்போது துண்டுக்கு ஒரு வரி மெமரியில் இருந்தால் போதும்.

எண்கள் இல்லாமல் வாடிக்கையாளர் பதிவுகள் வந்தால், எது ஒன்றை ‘அதே ஆள்’ ஆக்குகிறது என்று கேளுங்கள். மின்னஞ்சலை சின்ன எழுத்தாக்கி, ஓர இடைவெளியை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். மின்னஞ்சல் ஒன்று, முகவரி வேறு என்றால் எதை வைத்துக்கொள்வது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.