‘ஸ்டாக் இருக்குங்களா?’ – சேலத்து வியாபாரமும் செல்போனும்

சேலத்தில் ஒரு ஜவுளிக் கடை விளம்பரம் செய்ய வேண்டுமென்றால் முன்பெல்லாம் வழி தெரிந்ததுதான். நாளிதழுக்குள் வைத்து அனுப்பும் துண்டு நோட்டீஸ், நாலு ரோட்டில் ஒரு ஃபிளெக்ஸ், தியேட்டரில் ஸ்லைடு, ஆடி மாதம் என்றால் மைக் கட்டிய ஆட்டோ. பார்த்தவர் நேரே கடைக்கு வருவார். வந்தவரிடம் விற்பது கவுண்டரில் நிற்பவரின் சாமர்த்தியம். இப்போது விளம்பரத்துக்கும் கவுண்டருக்கும் நடுவே புதிதாக ஓர் இடம் முளைத்திருக்கிறது: வாட்ஸ்அப்பில் வரும் விசாரணை. சிறு வியாபாரிகளின் பணம் பெரும்பாலும் அங்கேதான் கசிகிறது. பழி மட்டும் விளம்பரத்தின் மேல். “ஃபேஸ்புக்ல காசு கட்டி பூஸ்ட் போட்டோம், ஒண்ணும் நடக்கலைங்க” என்பவரின் போனை வாங்கிப் பார்த்தால், பதில் போகாத கேள்விகள் வரிசையாகக் கிடக்கும்.

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையின் சேலை வியாபாரத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். மொத்தக் கடைக்காரர் காலையில் புது டிசைனைப் படமெடுத்து ரீசெல்லர் குழுவில் போடுகிறார். வீட்டிலிருந்தே விற்கும் ஒரு பெண் அதில் நூறோ நூற்றைம்பதோ ஏற்றித் தன் குழுவில் போடுகிறார். அங்கிருந்து இன்னொருவர் எடுக்கிறார். மதுரையில் ஒருவர் “சிஸ், இந்த மெரூன் இருக்கா?” என்று கேட்டால் அந்தக் கேள்வி மூன்று கை ஏறி இளம்பிள்ளைக்கு வர வேண்டும், பதில் மூன்று கை இறங்க வேண்டும். அதற்குள் அந்த மெரூன் தீர்ந்திருக்கும். பணத்தைக் கட்டிவிட்டவருக்கு ‘ஸ்டாக் இல்லை, வேறு கலர் பாருங்கள்’ என்று சொன்னால் அவர் அடுத்த முறை வரமாட்டார். நடுவிலிருக்கும் ரீசெல்லரும் வேறு கடைக்குத் தாவிவிடுவார்.

இதற்கு மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. படம் எடுக்கும்போதே சேலை மேல் ஒரு சீட்டை வைத்து டிசைன் எண்ணையும் கலர் எண்ணையும் எழுதிவிட வேண்டும். படத்துக்குக் கீழே டைப் செய்த எண் ஃபார்வர்டு ஆகும்போது உதிர்ந்துவிடக்கூடும். படத்துக்குள் இருக்கும் எண் எத்தனை கை மாறினாலும் கூடவே போகும். ‘4417-சி இருக்கா’ என்று கேள்வி வந்தால் கிடங்கில் இருப்பவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தேடாமல் நேரே அலமாரிக்குப் போகலாம். கலருக்கு இரண்டோ மூன்றோ மட்டும் கையிருப்பு என்றால் ரீசெல்லர் குழுவில் போடவே கூடாது. அது நேரடி வாடிக்கையாளருக்கான ஸ்டேட்டஸுக்குப் போகட்டும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாக மறையும். குழுவில் போட்ட படமோ ஆறு மாதம் கழித்தும் எங்கிருந்தாவது கேள்வியாகத் திரும்பி வரும்.

திரும்பி வரும் சேலைகளில் பெரும் பங்கு நிறத்தால் வருவது. டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்த ஊதா போனில் நீலமாகத் தெரியும். ஜரிகை வெளிச்சத்தைத் திருப்பியடிப்பதால் கேமரா தானாகவே மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். காலை எட்டு மணி முதல் பத்து மணிக்குள், நேர் வெயில் விழாத தாழ்வாரத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்தாலே நிறம் சரியா என்று சொல்லிவிடலாம். மயில் கழுத்து போன்ற இரட்டை நிறத்துக்கு இதுவும் போதாது. பாவு எனும் நீள நூல் ஒரு நிறம், ஊடை எனும் குறுக்கு நூல் ஒரு நிறம் என்பதால் சேலையைச் சாய்க்கச் சாய்க்க நிறம் மாறும். ஒரு படத்தில் ஒன்றுதான் விழும். அதற்குப் பத்து விநாடி வீடியோ, அதுவும் மடிப்பைக் கையால் திருப்பிக் காட்டியபடி. அலங்காரப் பாட்டும் மினுமினுப்பும் சேர்த்த ரீல்ஸைவிட இந்த வீடியோதான் சேலை விற்கும் என்பது என் கணிப்பு. பார்வை எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்கு வேறு தலைவலி. விலையே போடாமல் ‘விலைக்கு மெசேஜ் செய்யவும்’ என்று எழுதுவது அங்கே வழக்கம். வெள்ளி விலை தினமும் மாறுவதால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் பார்ப்பவர்களில் பலர் கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுவார்கள். மாறாத விவரங்களைப் படத்திலேயே எழுதலாமே: ஜோடியின் எடை எத்தனை கிராம், டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, கூலி எவ்வளவு, நீளம் எத்தனை அங்குலம். அன்றைய கிராம் விலையைத் தினமும் காலையில் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டால் கணக்கை வாங்குபவரே போட்டுக்கொள்வார். மேலே 3 சதவீத ஜிஎஸ்டி. 100 கிராம் ஜோடியில் கிராமுக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் நூறு ரூபாய் வித்தியாசம். அதனால் சொல்லும் விலையோடு ‘இன்று மாலை 6 மணி வரை’ என்று சேர்க்காவிட்டால் மூன்று நாள் கழித்துப் பழைய ஸ்கிரீன்ஷாட்டோடு சண்டைக்கு வருவார்கள். அளவைக் கேட்கும்போது ‘நூலால் கணுக்காலைச் சுற்றி, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள்’ என்று ஒரு வரி அனுப்புங்கள். ‘சாதா சைஸ்’ என்று ஒன்று கிடையாது.

கேள்விக்குப் பதில் சொல்லும் ஏற்பாடுகள் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே இலவசமாக உண்டு, பயன்படுத்துபவர்தான் குறைவு. அடிக்கடி சொல்லும் பதில்களை 50 வரை சேமித்து வைக்கலாம். ‘புது ஆர்டர்’, ‘பணம் வர வேண்டும்’, ‘அனுப்பியாச்சு’ என்று உரையாடல்களுக்கு லேபிள் ஒட்டலாம். ஒரே எண்ணை முதல் போனோடு சேர்த்து இன்னும் நான்கு கருவிகளில் திறக்கலாம் என்பதால் கிடங்கில் ஒருவரும் கல்லாவில் ஒருவரும் பார்க்க முடியும். யார் எதற்குப் பதில் சொல்வது என்று பிரித்துக்கொள்ளாவிட்டால் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு விலை போய்ச் சேரும் ஆபத்தும் அதே வசதியில்தான் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு வரும் கேள்விக்கு அப்போதே பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘காலை 9.30க்கு மேல் சொல்றோங்க’ என்று தானியங்கிச் செய்தி போய்விட்டால் போதும். காலையில் சொன்னபடி சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் ஒழுங்கான பிறகுதான் காசு கொடுத்து விளம்பரம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஆயிரம் ரூபாய் செலவிட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 1,180 ஆகும். பலர் இதை மறந்து கணக்குப் போடுகிறார்கள். விளம்பர இடம் ஏல முறையில் விற்கப்படுவதால், எல்லோரும் முட்டி மோதும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அதே பணத்துக்குக் குறைவான பேரையே சென்றடையும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே விசாரணைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கடைசி வாரத்தில் அவர்களிடம் மட்டும் பேசுவது மலிவு. எந்த விளம்பரம் வேலை செய்தது என்று அறியவும் எளிய வழி உண்டு. வாட்ஸ்அப் இணைப்பில் முன்கூட்டியே ஒரு வாக்கியம் எழுதி வைக்கலாம். ஆட்டோ முதுகில் ஒட்டும் கியூஆர் கோடில் ‘ஆட்டோ விளம்பரம் பார்த்தேன்’, பில்லில் அச்சிடும் கோடில் ‘பழைய வாடிக்கையாளர்’, ரீல்ஸுக்கு வேறொன்று. மாதக் கடைசியில் அந்த வாக்கியங்களைத் தேடி எண்ணினால் போதும்.

மொத்தமாகச் செய்தி அனுப்புவதைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேவ் செய்தவருக்கு மட்டுமே அது போகும். ஆகவே பில் போடும்போதே “நம்பரை சேவ் பண்ணிக்குங்க அக்கா, புதுசு வந்தா அனுப்பறேன்” என்று சொல்வதுதான் உண்மையான மார்க்கெட்டிங் வேலை. எங்கோ விலைக்கு வாங்கிய எண் பட்டியலுக்கு அனுப்பினால் ஆட்கள் ரிப்போர்ட் அடிப்பார்கள், எண் முடங்கும். எஸ்எம்எஸ்ஸிலும் அந்தக் காலம் போய்விட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறைக்குப் பின் அனுப்புநர் பெயரையும் செய்தியின் வார்த்தைகளையும் டிஎல்டி எனும் பதிவுத் தளத்தில் பதிந்தாக வேண்டும். பதிந்த வாசகத்திலிருந்து மாறிப்போன செய்தி வழியிலேயே நின்றுவிடும், காரணமும் கடைக்காரருக்குப் புரியாது.

மலைக்கு வருவோம். ஏற்காட்டில் நாலைந்து அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் செய்யும் முதல் வீண்செலவு, ஏற்காட்டைச் சுற்றி 20 கிலோமீட்டர் வட்டம் போட்டு விளம்பரம் கொடுப்பது. அந்த வட்டத்துக்குள் இருப்பவர்கள் சேலத்துக்காரர்கள். காலையில் ஏறி, படகு விட்டு, பஜ்ஜி தின்று, பொழுது சாய இறங்கிவிடுவார்கள். அறை எடுப்பவர்கள் பெங்களூரு, சென்னை, கோவை, திருப்பூரில் இருக்கிறார்கள். விளம்பரம் அங்கே ஓட வேண்டும்.

அடுத்தது கூகுள் மேப். எஸ்டேட்டுக்குள் இருக்கும் வீட்டைக் குறிக்கும் புள்ளி மேப்பில் சில நூறு மீட்டர் தள்ளி விழுந்தாலும் போதும், மேப் வேறொருவரின் காப்பித் தோட்டத்து மண்பாதை வழியாக வண்டியை விட்டுவிடும். புள்ளியை வீட்டின் மேல் வைப்பதைவிட, கார் நுழைய வேண்டிய கேட்டின் மேல் வைப்பது நல்லது. மலையேற இரண்டு வழி: அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக ஒன்று, குப்பனூர் வழியாக இன்னொன்று. எது தோது, கடைசி ஒரு கிலோமீட்டர் தாழ்வான கார் போகுமா, எந்த இடத்துக்கு மேல் சிக்னல் கிடைக்காது என்ற மூன்றையும் முன்பதிவு உறுதியானதுமே வாய்ஸ் மெசேஜாக அனுப்பிவிட்டால் ராத்திரி ஒன்பது மணிப் பனிமூட்டத்தில் வழி கேட்டு வரும் போன்கள் குறையும். அந்தப் போன்களை எடுக்காமல் விட்டதால் விழுந்த ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் ஏராளம். காவலாளி கையில் இருக்கும், சிக்னல் இல்லாத எண்ணை விளம்பரத்தில் போடக் கூடாது. எண் சேலம் டவுனில் இருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும். மேப்பில் எவர் வேண்டுமானாலும் ‘திருத்தம்’ பரிந்துரைக்கலாம் என்பதால் தொலைபேசி எண்ணை மாற்றி முன்பணம் பறிக்கும் மோசடியும் நடக்கிறது. வாரம் ஒரு முறை வேறொரு போனிலிருந்து தன் இடத்தைத் தானே தேடிப் பார்ப்பது நல்லது.

மே மாதக் கோடை விழாவின் வார இறுதிகளில் ஒரே அறை இரண்டு பேருக்குப் போவது வாடிக்கை. முன்பதிவுத் தளங்களின் காலண்டர்களை இணைத்திருந்தாலும் ஒன்றில் நடந்தது மற்றதில் தெரியச் சில மணி நேரம் ஆகலாம். போனில் வாங்கிய புக்கிங் எதிலுமே தெரியாது. அந்த வாரங்களில் ஒரே ஒரு தளத்தை மட்டும் திறந்து வைத்து மற்றவற்றை மூடிவிடுவது பாதுகாப்பு. எப்படியும் அறை நிரம்பும் நாளில் கமிஷன் கொடுத்து விற்பானேன்? ஆட்கள் வராத மழைக்காலத்து வார நாட்களுக்குத்தான் அந்தத் தளங்கள் தேவை.

மாம்பழத்தில் தொழில்நுட்பம் பழத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். இமாம்பசந்துக்கும் மல்கோவாவுக்கும் முன்பணத்தோடு ஆர்டர் குவிவது எளிது. காய் முற்றாமல் பறித்தால் பழுக்காமல் சுருங்கும், பழுத்தபின் அனுப்பினால் வழியில் நசுங்கும். ஆகவே ஆர்டர் வாங்கும்போது தேதி சொல்லாமல் வாரம் மட்டும் சொல்ல வேண்டும். பார்சலைத் திங்கள் முதல் புதனுக்குள் ஏற்றுவது உத்தமம். வெள்ளிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு முழுக்கச் சூடான கிடங்கில் கிடக்கும். பெட்டிக்குள் ‘வைக்கோலில் வையுங்கள், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வாசம் வந்தபின் வெட்டுங்கள்’ என்று ஒரு சீட்டு. இல்லாவிட்டால் ‘காயை அனுப்பிட்டீங்க’ என்று படத்தோடு புகார் வரும்.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு செல்போன் எண் இருக்கிறது. 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது அங்கே மட்டும் கூட்டம் சேர்த்தவர்களுக்கு மறுநாள் யாருமில்லை. வாடிக்கையாளர் எண்களைக் குறித்து வைத்தவர்கள் தப்பினார்கள். ஆனால் பல கடைகளில் அந்த எண்ணின் சிம்மே விற்பனைப் பையனின் பெயரில் இருக்கிறது. அவர் வேலையை விட்டால் விசாரணைகளும் அவரோடு போகும். சிம் முதலாளி பெயருக்கு மாற வேண்டும். வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க பின் போட வேண்டும், வரும் ஓடிபியை எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் வந்ததாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கை எடுத்து வைக்காமல், வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்தபிறகே பார்சலைக் கட்டச் சொல்ல வேண்டும்.