பெர்ஹெந்தியானில் மெதுவாக மூச்சுவிடப் பழகியது

கோலாலம்பூரில் நம்மாட்கள் லீவுக்குக் கிளம்பினால் கார் மூன்று பக்கம்தான் திரும்பும்: கேமரன் மலை, பினாங்கு, போர்ட்டிக்சன். போர்ட்டிக்சனிலும் கரையில் பாய் விரித்து, வீட்டிலிருந்து கொண்டுபோன புளிச்சோற்றையும் கோழிப் பெரட்டலையும் முடித்துவிட்டு, முழங்கால்வரை நனைத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். அதற்குமேல் கடலோடு நமக்கு என்ன வேலை? எனக்கோ ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் வேறு. அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே குளத்துப் பக்கம் விடவில்லை. முப்பதைத் தாண்டிய பிறகுதான் ஒரு பொது நீச்சல் குளத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று நீந்தக் கற்றுக்கொண்டேன்.

அப்படிப்பட்ட என்னை ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள, திரெங்கானு மாநிலத்துப் பெர்ஹெந்தியான் தீவுகளுக்கு இழுத்துக்கொண்டு போனது தோழி டீச்சர். தமிழ்ப்பள்ளியில் வேலை, பள்ளி விடுமுறை வந்தால் கால் தரையில் நிற்காது. கூட வந்தவர்கள் இரண்டு பேர். கல்லூரிக் காலத்திலிருந்தே நாங்கள் லோயர் என்று கூப்பிடும் ஒருவன், அப்போது அவன் லோயர்கூட இல்லை. இன்னொருவன் ஜிம்காரன். உடம்பைப் பார்த்தாலே பெயர்க்காரணம் புரிந்துவிடும்.

திரெங்கானு தீவுகளுக்கு நினைத்த நேரத்தில் போக முடியாது. நவம்பர் வாக்கில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் கடல் கொந்தளிக்கும், தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை பூட்டிவிடும். மார்ச்சில் மறுபடி திறப்பார்கள். நாங்கள் போனது கடல் அடங்கிய பருவத்தில். கராக் நெடுஞ்சாலை, அப்புறம் கிழக்குக்கரை விரைவுச்சாலை, கடைசியில் கம்பத்து, அதாவது கிராமத்துச் சாலைகள் என்று இரவெல்லாம் மாறி மாறி ஓட்டி, விடியலில் கோலா பெசுட் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தோம். காரை நாள் வாடகைக்கு ஒரு வீட்டு முற்றத்தில் விட்டுவிட்டு வேகப்படகில் ஏறினோம். அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம். முன்பக்கம் உட்கார்ந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அலையில் படகு தூக்கிப் போடும்போது முதுகெலும்புக்குத்தான் தெரியும்.

பெரியது, சின்னது என்று இரண்டு தீவுகள். நாங்கள் தங்கியது சின்னதில், பெர்ஹெந்தியான் கெச்சில். கார் கிடையாது, சாலையே கிடையாது. லாங் பீச் ஒரு பக்கம், கோரல் பே மறுபக்கம். நடுவில் காட்டுப்பாதையில் கால் மணி நேரம்கூட ஆகாது. வேறு எங்கே போக வேண்டும் என்றாலும் டாக்சிப் படகுதான். தீவில் ஏடிஎம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், கையில் ரொக்க வெள்ளி (ரிங்கிட்) வேண்டும்.

நாங்கள் சேர்ந்தது ஓப்பன் வாட்டர் கோர்ஸ், டைவிங்கின் ஆரம்பநிலைச் சான்றிதழ்ப் பயிற்சி. ஒருநாள் மட்டும் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் டைவும் உண்டு, விலையும் குறைவு. என்னைக் கேட்டால் பணம் சேர்த்துக்கொண்டு போய் முழு கோர்ஸையே செய்யுங்கள் என்பேன். ஒருநாள் டைவில் மீனைப் பார்க்கலாம். ஆனால் தண்ணீருக்குள் நம் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பது தெரியாது. அது தெரியாதவரை பயம் போகாது. எனக்குப் பயம் குறைந்தது தண்ணீரில் அல்ல, கூரைக்குக் கீழே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்த அந்த வகுப்பில்தான்.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு கிளந்தான் பெண். நாங்கள் ‘காக்’ (மலாயில் அக்கா) என்றே கூப்பிட்டோம். பலகையில் கோடு போட்டு ஆரம்பித்தார். தரையில் நம்மேல் ஒரு வளிமண்டல அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொன்று கூடும். 10 மீட்டரில் இரண்டு மடங்கு என்பதால் பலூனில் உள்ள காற்று பாதியாகச் சுருங்கும். அதே காற்றோடு மேலே வந்தால் மறுபடி இரண்டு மடங்காக விரியும். அந்தப் பலூன் நம் நுரையீரலாக இருந்தால்? ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியும். அதனால்தான் டைவிங்கின் முதல் சட்டம், எந்தக் காரணத்துக்காகவும் மூச்சைப் பிடிக்காதே என்பது. சின்ன வயதிலிருந்து தண்ணீருக்குள் போனால் மூச்சைப் பிடி என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது தலைகீழ்.

உபகரணம் மாட்டும்போதுதான் லோயரின் மீசை வழக்குக்கு வந்தது. முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் முடி இருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும். இவனுடைய மீசையோ ஊர்த் திருவிழாவில் தனி வரவேற்பு வாங்கிய மீசை. ஒன்று வழித்துவிடலாம், இல்லையென்றால் வாஸ்லின் தடவிப் பார்க்கலாம் என்றார் காக். “கோர்ட்டில் ஜட்ஜ் சொன்னாலும் எடுக்க மாட்டேன்” என்று வாஸ்லினைத் தேர்ந்தெடுத்தான். முதல் நாள் மாலை முகமூடியில் பாதித் தண்ணீரோடு மேலே வந்து இருமினான். மறுநாள் காலை மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய பட்டை அளவுக்கு மட்டும் மீசை காணாமல் போயிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று உத்தரவு. நானும் டீச்சரும் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தோம்.

முதலில் நீச்சல் சோதனை: 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் கணக்கில்லை என்றதால் தப்பித்தேன். அப்புறம் இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு, தலையை உள்ளே கொண்டுபோய் முதல் மூச்சு. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. வாயில் காற்று வருகிறது என்று மூளைக்குத் தெரியும், முகத்தில் தண்ணீர் பட்டதும் நெஞ்சு மட்டும் பூட்டிக்கொள்ளும். காக் என் எதிரில் மண்டியிட்டு, உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல ஏற்றி இறக்கிக் காட்டினார். மேலே வந்ததும் சொன்னதும் அதுதான்: “பெலான்-பெலான் லா,” மெதுவாக, மெதுவாக. அந்த வார்த்தையை அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டோம் என்று கணக்கில்லை.

பயிற்சிகளில் எல்லோரும் பயப்படுவது முகமூடியைக் கழற்றி மாட்டுவதற்குத்தான். கீழே போய், முகமூடியை முழுக்கக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டோ திறந்துகொண்டோ வாயால் மட்டும் மூச்சுவிட்டபடி மறுபடி மாட்டி, மேல்விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். உப்பு மூக்கில் ஏறும். நேராக மேலே ஓடிவிடலாம் என்று கால் துடிக்கும். டீச்சர் ஒரு பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே செய்து முடித்தாளாம். நான் மூச்சை எண்ணினேன். உள்ளே நாலு, வெளியே ஆறு. அது போதுமானதாக இருந்தது.

காது இன்னொரு தொல்லை. இறங்க இறங்கச் செவிப்பறைமேல் அழுத்தம் கூடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிச் சமன் செய்துகொண்டே போக வேண்டும். வலி வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். வலி வந்துவிட்டால் சற்று மேலேறி மறுபடி பார்க்க வேண்டும், அடித்துப் பிடித்து ஊதக்கூடாது. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது, எத்தனை வெள்ளி கட்டியிருந்தாலும் சரி.

தண்ணீரில் இறங்குமுன் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒருவருடைய சிலிண்டர், வால்வு, எடைப்பட்டை, கொக்கிகள் எல்லாவற்றையும் மற்றவர் சரிபார்க்க வேண்டும். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவரிடம் இருக்கும் உபரி ரெகுலேட்டர்தான் கதி. இதைக் கேட்டதும் எனக்குத் தூத்துக்குடி ஞாபகம் வந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குபவரின் கயிற்றைப் படகில் இருப்பவர் பிடித்துக்கொள்வார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். தங்கை தாலி பத்திரமாக இருக்க வேண்டும் என்ற கவலை அவனுக்குத்தானே அதிகம்! காற்றழுத்தச் சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேர்ந்த கருவியை பிரெஞ்சுக்காரர்களான கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கியது 1943-இல். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் பரதவர் வெறும் மூச்சோடு அடிக்கடலுக்குப் போய் வந்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் பேசிய மொழியைப் பேசிக்கொண்டு நாம் ஏன் முழங்காலோடு நின்றுவிட்டோம் என்று அன்று ராத்திரி பெரிய விவாதமே நடந்தது. தோட்டத்துப் பிழைப்பில் கடல் எங்கே இருந்தது என்றாள் டீச்சர். அதுவும் நியாயம்தான்.

எனக்கு ஜோடி ஜிம்காரன். அங்கேதான் வேடிக்கை. எங்களில் யாருக்கு முதலில் காற்று தீரும் என்று கேட்டிருந்தால் எல்லோரும் என்னைத்தான் காட்டியிருப்பார்கள். நடந்தது வேறு. சிலிண்டரில் 200 பார் அழுத்தக் காற்றோடு இறங்கினோம். 50 பார் மிச்சமிருக்கும்போதே மேலே வந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். என் மானியில் பாதிக்குமேல் இருக்கும்போதே அவன் முஷ்டியை நெஞ்சில் வைத்துக் காற்று குறைந்துவிட்டது என்று சைகை காட்டினான். எல்லோரும் மேலே ஏற வேண்டியதாயிற்று. பெரிய உடம்புக்குக் காற்று கொஞ்சம் கூடுதலாக வேண்டும்தான். ஆனால் முழுக் காரணம் அதுவல்ல. 10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் தரையில் இழுப்பதைப்போல இரண்டு மடங்கு காற்றைச் சிலிண்டரிலிருந்து எடுக்கும். அங்கே கையை வீசி, காலை உதைத்து, மீனைத் துரத்தினால் மானி முள் கண்ணெதிரே இறங்கும். தண்ணீர் காற்றைவிடப் பல நூறு மடங்கு அடர்த்தி. அதோடு மல்லுக்கு நின்றால் ஜெயிக்க முடியாது.

அசையாமல் மிதப்பதற்கும் மூச்சுதான் கருவி. மெல்ல இழுத்தால் உடம்பு சற்று மேலே வரும், மெல்ல விட்டால் இறங்கும். கையைக் கட்டிக்கொண்டு, காலை மடக்கி, தரைக்கு ஒரு மீட்டர் மேலே அந்தரத்தில் நிற்க வேண்டும். ஜிம்காரன் மேலே போவான், பயந்து காற்றை வெளியேற்றுவான், தொப்பென்று மணலில் விழுவான். டீச்சரோ வகுப்பில் பிள்ளைகளை முறைத்துக்கொண்டு நிற்பதுபோல அப்படியே நின்றாள். வாய் ஓயாத ஆள் தண்ணீருக்குள் இத்தனை அமைதியாக இருப்பாள் என்று யார் எதிர்பார்த்தார்கள்? எடை தூக்குகிறவனுக்குச் சும்மா இருப்பது ஒரு தண்டனை. கடைசியில் அவன் பழகிக்கொண்டது அவளைப் பார்த்துத்தான், காக் சொல்லி அல்ல.

உடம்பு அடங்கிய பிறகுதான் சுற்றி இருப்பது கண்ணில் பட்டது. சிவப்பு முதல் சில மீட்டரிலேயே மங்கிவிடும், என் சிவப்பு நகப்பூச்சு பழுப்பாகத் தெரிந்தது. கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கடித்ததில் பாசியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மணலாகக் கழிக்கும். நாம் படம் எடுத்துப் போடும் வெள்ளை மணலில் ஒரு பங்கு இதன் உபயம். பச்சை ஆமை ஒன்று எங்களைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்துகொண்டிருந்தது. ஆமை முகத்துச் செதில்களின் அமைப்பு ஒன்றுக்கொன்று வேறுபடும். அதைப் படம்பிடித்து வைத்தே ஆய்வாளர்கள் ஆமைகளை அடையாளம் காண்கிறார்கள். திரெங்கானுவில் ஆமை முட்டை சந்தையில் சாதாரணமாக விற்ற ஒன்று, 2022 முதல் எல்லா வகை ஆமை முட்டைக்கும் அங்கே விற்பனைத் தடை.

பயமுறுத்தியது சுறா அல்ல, டைட்டன் டிரிகர் மீன். முட்டையிட்ட காலத்தில் தன் கூட்டுக்கு மேலே கூம்பு வடிவத்தில் நீர்மட்டம்வரை உள்ள இடமெல்லாம் தனக்கே சொந்தம் என்று நினைக்கும். அதனால் மேல்நோக்கி ஓடினால் துரத்திக்கொண்டே வரும், பக்கவாட்டில் நீந்தித்தான் அதன் எல்லையைத் தாண்ட வேண்டும். லோயர் காலில் மாட்டியிருந்த நீச்சல் துடுப்பை ஒரு கடி கடித்தது. அத்துமீறி நுழைந்தவன் அவன்தான், வழக்குப் போட முடியாது.

பவளம் எல்லா இடத்திலும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கடல் சூடானால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 2010-இல் அப்படி வெளுத்தபோது நம் கிழக்குக்கரைத் தீவுகளில் சில டைவ் இடங்களையே கொஞ்சகாலம் மூடினார்கள். 2024-இலும் உலகம் முழுக்க வெளுத்தது. இது போதாதென்று, லைஃப் ஜாக்கெட்டோடு வரும் கூட்டம் களைத்துப்போனால் பவளத்தின் மேலேயே ஏறி நிற்கிறது. படகோட்டியும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். அது பாறை இல்லை ஐயா, உயிர்.

வெள்ளிக்கிழமை டீச்சர் சைவம். கரையோரக் கடையில் காங்கோங் கீரை கேட்டாள். பெலாச்சான் போடாமல் என்று சொல்லாவிட்டால் இறால் விழுது கண்டிப்பாக விழும். சொல்லிப் புரியவைத்து, வெறும் பூண்டு போட்டு வதக்கிக் கொடுத்தார்கள். அருமையாக இருந்தது. மற்ற நாள்களில் நாசி லெமாக்கும் சுட்ட மீனும்தான்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு கடைசியாகப் போனது சுகர் ரெக். சர்க்கரை ஏற்றி வந்த சரக்குக் கப்பல், மூழ்கிப் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அடிப்பகுதி ஏறத்தாழ எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட 18 மீட்டர் எல்லையில். தண்ணீர் கலங்கல், நீரோட்டமும் இருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். திடீரென்று பச்சை மங்கலுக்குள்ளிருந்து இரும்புச் சுவர் ஒன்று எழுந்து நின்றது. முழுக்கச் சிப்பி, அதைச் சுற்றி மீன் கூட்டம். உள்ளே போகக்கூடாது, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். மேலே வரும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம், உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக. மேலே வந்தபோது ஜிம்காரனிடம் என்னைவிட அதிகக் காற்று இருந்தது. மானியைப் படகோட்டிக்குக்கூடக் காட்டினான்.

அந்த நைட்ரஜன்தான் லோயரைக் கவிழ்த்தது. மறுநாள் கோர்ட் வேலை என்று அன்று மாலையே கோத்தா பாருவிலிருந்து விமானம் பிடிக்க டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். தொடர்ந்து டைவ் செய்தவர் குறைந்தது 18 மணி நேரம் விமானத்தில் ஏறக்கூடாது, மேலே காற்றழுத்தம் குறைந்தால் நைட்ரஜன் குமிழியாகிவிடும் என்று வகுப்பிலேயே சொன்னார்கள். அப்போது இவன் மீசைக் கவலையில் இருந்தான் போலிருக்கிறது. காரில் போகலாமே என்றால், கராக் வழியில் கெந்திங் செம்பா உயரத்தை ஏறி இறங்க வேண்டும். அதற்கும் இடைவெளி விடுங்கள் என்றார் காக். ஜூனியருக்குப் போன் போட்டு வழக்குக்கு வேறு தேதி வாங்கச் சொன்னான். டிக்கெட் பணம் போனது போனதுதான்.

மறுநாள் படகேறி, கோலா பெசுட்டில் சூடான கெரொப்போக் லெக்கோர் என்ற மீன் பலகாரம் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். அடுத்த தீவு தியோமானா, ரெடாங்கா என்ற சண்டை ஜெர்த்தே ஊரைத் தாண்டுவதற்குள் தொடங்கிவிட்டது. டீச்சர் தியோமான், ஜிம்காரன் ரெடாங். லோயர் தேதியை மட்டும் தன்னிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யச் சொல்கிறான்.