பெரியம்மாவுக்குத் துணையாள் தேடிய ஐந்து மாதங்கள்

பெரியம்மா ஒரு நாள் பின்னிரவில் குளியலறைக்குப் போகும் வழியில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் வெகுநேரம் தரையிலேயே கிடந்து, விடிந்த பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்திருக்கிறார். எலும்பு எதுவும் முறியவில்லை. மூன்று நாள்கள் கழித்து நான் போயிருந்தபோது, அவருடைய கை கன்றிப்போயிருந்ததைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் இதைச் சொன்னார். அவருக்கு வயது 82. கணவர் மறைந்ததிலிருந்து 11 ஆண்டுகளாகத் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் இல்லாததால் நான், என் தம்பி, சித்தியின் மகள் ஆகிய மூவரும்தான் நெருங்கிய உறவு. மூவரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறோம். அன்றிரவே தொலைபேசியில் பேசி, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்துவிடுவது என்று மூவரும் முடிவு செய்தோம். அந்தப் பேச்சில் பெரியம்மா கலந்துகொள்ளவில்லை. அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஏஜென்சி ஒன்றின் மூலம் ஒருவர் பத்தே நாளில் வந்து சேர்ந்தார். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்ட அனுபவம் அவருக்கு இருந்தது, நாங்கள் கேட்டதும் அதைத்தான். வந்த மறுநாளே சமையலறைப் பொருள்களைத் தம் வசதிக்கு மாற்றி அடுக்கினார். பெரியம்மா நாற்காலியிலிருந்து எழ முயலும்போதெல்லாம் ஓடிவந்து தோளைப் பிடித்து உட்காரவைத்தார். ஒன்பதாம் நாள் பெரியம்மா என்னை அழைத்து, “என் வீட்டில் நான் எழுந்து நிற்பதற்கு இன்னொருவரிடம் உத்தரவு கேட்க வேண்டியிருக்கிறது, இவரை அனுப்பிவிடு” என்றார். அந்தப் பெண்மணியின் மீது எந்தத் தவறும் இல்லை. நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, படுக்கையில் இருப்பவரைப் பார்க்கும் பயிற்சி பெற்றவரை அமர்த்தியது எங்கள் தவறு.

அடுத்த ஆளைத் தேடுவதற்கு முன் முதியோர் மருத்துவர் ஒருவரிடம் பெரியம்மாவை அழைத்துப் போனோம். எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று நான் கேட்டபோது, எந்தெந்த வேலைக்கு என்று அவர் திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 1963 இல் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. குளித்தல், உடை உடுத்தல், கழிப்பறையைப் பயன்படுத்துதல், படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுந்து இடம் மாறுதல், சிறுநீரையும் மலத்தையும் கட்டுப்படுத்துதல், தானாக உண்ணுதல் என்ற ஆறையும் அது கேட்கிறது. 1969 இல் லாட்டனும் பிராடியும் வெளியிட்ட மற்றொன்று தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டுப் பராமரிப்பு, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம் என எட்டு வேலைகளைப் பார்க்கிறது. மருத்துவர் இரண்டையும் பெரியம்மாவிடமே கேட்டார். முதல் ஆறில் குளியலுக்கு மட்டும், அதுவும் வழுக்கும் தரையில் கைப்பிடியாக, உதவி தேவைப்பட்டது. இரண்டாவதில் மருந்து, துணி, கடை, பணம் ஆகிய நான்கில் தடுமாற்றம் இருந்தது. சமையலை விட்டுக்கொடுக்க முடியாது என்று பெரியம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். நாங்கள் தேட வேண்டியது செவிலியரை அல்ல என்பது அந்த அரைமணி நேரத்தில் விளங்கிற்று.

விழுந்ததற்கான காரணத்தையும் மருத்துவரே தேடினார். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்த்தார். 12 நொடிக்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பைக் கவனிக்க வேண்டும் என்பார்கள். பெரியம்மாவுக்கு 19 ஆயின. படுத்திருந்தபோதும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தத்தை அளந்ததில் மேல் எண் 20 க்கும் மேல் இறங்கியது. திடீரென எழுந்தால் கண் இருண்டு தள்ளாடுவதற்கு அதுவே காரணம். யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை பல ஆண்டுகளாகத் தொடர்ந்துகொண்டிருந்தது. அதை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி, சிறிது சிறிதாகக் குறைக்கும் அட்டவணை ஒன்றை எழுதிக்கொடுத்தார். ஆள் தேடும் அவசரத்தில் இந்தச் சோதனைகளைத் தள்ளிப்போட்டிருந்தால், வருகிறவர் இல்லாத நேரம் பார்த்து அவர் மறுபடியும் விழுந்திருப்பார்.

பிறகு ஒரு வாரம் விடுப்பு எடுத்துப் பெரியம்மாவுடன் தங்கினேன். காலையிலிருந்து மறுநாள் காலை வரை என்ன நடக்கிறது என்பதை ஒரு குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதினேன். இந்த ஐந்து மாதங்களில் நான் செய்த உருப்படியான வேலை இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். பகல் நேரத்து உதவியை எல்லாம் கூட்டிப் பார்த்தால் நான்கு மணி நேரத்தைத் தாண்டவில்லை. பெரியம்மா தானே சமைத்து, செய்தித்தாள் படித்து, மாலையில் வாசலில் உட்கார்ந்து பொழுதைக் கழித்துவிடுகிறார். இரவுதான் சிக்கலாக இருந்தது. ஒரு மணிக்கு, மூன்று மணிக்கு, நாலரைக்கு என மூன்று முறை எழுந்தார். முதலிரண்டு இரவுகள் உடன் எழுந்து பார்த்துக்கொண்ட நான், மூன்றாம் நாள் பகலில் அடுப்பை அணைக்க மறந்தேன். வீட்டோடு தங்கும் ஆள் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பகலெல்லாம் வேலை செய்து இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருவரைத்தான் மனத்தில் வைத்திருந்தோம் என்பதும், அப்படி ஒருவர் எங்கும் இருக்க முடியாது என்பதும் அப்போது உறைத்தது. ஒவ்வோர் இரவும் பலமுறை எழ வேண்டிய நிலை என்றால் இரவுக்கென்று தனி ஆள் தேவை. அந்தச் செலவை எங்களால் தாங்க முடியாது.

ஆகவே இரவைக் குறைக்க வழி தேடினோம். மாலையில் எடுத்துக்கொண்டிருந்த, சிறுநீரை அதிகப்படுத்தும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றினோம். கட்டிலருகே கமோட் நாற்காலி ஒன்றும், கால் தரையில் பட்டதும் தானாக எரியும் விளக்கும், பக்கத்து அறையில் ஒலிக்கும் அழைப்பு மணியும் வைத்தோம். குளியலறைச் சுவரில் கைப்பிடிகள் பொருத்தினோம். கமோட்டைப் பார்த்துப் பெரியம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை; அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தி வைத்த பிறகுதான் அது அறையில் இருக்க அனுமதி கிடைத்தது. மூன்று வாரங்களில் எழுவது ஒரு முறையாகக் குறைந்தது.

ஆளை எந்த வழியில் அமர்த்துவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஏஜென்சி என்றால் ஒருவர் வராவிட்டால் மற்றொருவரை அனுப்புவார்கள், பின்னணியைச் சரிபார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. ஆனால் நாம் கொடுப்பதில் வேலை செய்பவருக்கு எவ்வளவு போகிறது என்பது தெரியாது, பழகிய ஆளைத் திடீரென வேறு வீட்டுக்கு மாற்றவும் கூடும். நேரடியாக அமர்த்தினால் நாமே முதலாளியாகிறோம். ஊதியம், விடுப்பு, காப்பீடு, சட்டப்படியான பதிவுகள் எல்லாம் நம் தலையில் விழும். வீட்டில் ஓர் அறையைக் கொடுத்து, பதிலுக்குச் சில மணி நேரத் துணையையும் சிறு உதவிகளையும் பெறும் வீட்டுப் பகிர்வு முறையைத் தங்கை முன்வைத்தாள். குளியலுக்குக் கை கொடுப்பதும் இரவில் எழுவதும் அந்த ஏற்பாட்டில் பொதுவாக அடங்குவதில்லை என்பதால் அதை விட்டுவிட்டோம். கடைசியில் நேரடியாகவே அமர்த்துவது என்று முடிவாயிற்று.

இம்முறை சந்திப்புகள் பெரியம்மாவின் முன்னறையிலேயே நடந்தன, கேள்விகளில் பாதியை அவரே கேட்டார். வந்த நால்வரில் மூவர் எல்லாவற்றுக்கும் ஆம் என்றார்கள். நான்காவதாக வந்தவர், ஐம்பதை நெருங்கிய ஒரு பெண்மணி, எங்களைக் கேள்வி கேட்டார். தாம் படுக்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கும், வார விடுமுறையன்று யார் வந்து பார்த்துக்கொள்வார்கள், கோபம் வந்தால் அம்மா என்ன செய்வார் என்று வரிசையாகக் கேட்டார். அவர் போனதும் தம்பி, வருவதற்கு முன்பே இவ்வளவு நிபந்தனையா என்று முகம் சுளித்தான். பெரியம்மா, அந்தப் பெண்தான் வேண்டும் என்றார். கோபம் வந்தால் என்ன செய்வேன் என்று இத்தனை வயதில் யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்று சிரித்துக்கொண்டார். அவர் முன்பு வேலை பார்த்த இரண்டு குடும்பங்களோடு பேசினேன். ஏன் விலகினார் என்பதை மட்டும் கேட்டேன்.

தம்பியின் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான், அந்தப் பெண்மணி கேட்டவற்றுள் முக்கியமானவை பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 இல் ஏற்ற, வீட்டுப் பணியாளர்களுக்கான 189 ஆம் உடன்படிக்கையிலும் அதனோடு இணைந்த 201 ஆம் பரிந்துரையிலும் இருப்பதைக் கண்டேன். வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும்; ஓய்வு நேரத்தில் அந்த வீட்டிலேயே இருக்குமாறு வற்புறுத்தக் கூடாது; அடையாள ஆவணங்களை அவரே வைத்துக்கொள்ளலாம்; தங்கும் அறை தனியாக, பூட்டுடன் இருந்து அதன் சாவி அவரிடம் இருக்க வேண்டும் என்கின்றன. உடன்படிக்கை அதை ஏற்ற நாடுகளையே கட்டுப்படுத்தும் என்றாலும், எங்கள் ஒப்பந்தத்துக்கு அதையே அடிப்படையாக வைத்தோம்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம். வேலைகளின் பட்டியலை எழுதும்போது, செய்ய வேண்டாதவற்றையும் எழுதச் சொன்னவர் பெரியம்மா: சமையலறை அடுக்கை மாற்ற வேண்டாம், கதவைத் தட்டாமல் அறைக்குள் வர வேண்டாம், தன்னைக் குழந்தையைப் போல் கொஞ்ச வேண்டாம். வாரத்துக்குரிய மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்து வைப்பது எங்கள் பொறுப்பு, நேரத்துக்கு நினைவூட்டுவது அவர் பொறுப்பு. கடைச் செலவுக்கு ஒரு சிறு தொகையும் கணக்கு நோட்டும் வைத்தோம். வங்கி அட்டையும் அதன் இரகசிய எண்ணும் அவரிடம் போகாது என்பதை அவர் முன்னிலையிலேயே பேசி எழுதினோம், அது அவருக்கும் பாதுகாப்பு என்று அவரே சொன்னார். கேமரா வைக்க வேண்டும் என்று தம்பி பிடிவாதம் பிடித்தான். வாசலில் மட்டும், இருவருக்கும் தெரிவித்து வைப்பது என்று முடித்தோம். நான்கு வாரம் வெள்ளோட்டம், பிறகு எந்தப் பக்கமும் ஒரு மாத முன்னறிவிப்பு.

முதல் மாதத்தில் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. வந்தவர் சுறுசுறுப்பானவர். துணி மடிப்பது, பாத்திரம் துடைப்பது, கதவைத் திறப்பது என ஒவ்வொன்றாக அவர் கைக்குப் போனதில் பெரியம்மா நாற்காலியை விட்டு எழுவதே குறைந்தது. அடுத்த சோதனையில் அந்த 3 மீட்டருக்கு 22 நொடி ஆயிற்று. மருத்துவர் அறிவுரைப்படி துணி மடிக்கும் வேலை பெரியம்மாவுக்கே திரும்பியது. நாளுக்கு இருமுறை இருவரும் தெருமுனை வரை நடக்கத் தொடங்கினார்கள். துணை என்பதை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டிருந்தேன். அந்த நடையில்தான் அது ஏற்பட்டது என்று நினைக்கிறேன். காது சற்று மந்தமான பெரியம்மாவுக்காக அவர் நின்று, முகம் பார்த்துப் பேசுவதைத் தெருவில் தொலைவிலிருந்தே பார்த்தேன்.

வார விடுமுறை நாள்களை நாங்கள் மூவரும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டோம். தம்பியின் முறை ஏழாம் வாரம்தான் வந்தது. அவன் போன மறுநாள் குறிப்பேட்டைப் புரட்டினேன். இரவு 1.20 க்கு மணி அடித்ததாகவும், 3.10 க்கு மறுபடி அடித்ததாகவும், எழுந்து ஓடிப் பார்த்தால் எதுவும் வேண்டாம், இருக்கிறாயா என்று பார்த்தேன் என்று பெரியம்மா சொன்னதாகவும், அதற்குப் பிறகு தனக்குத் தூக்கம் வரவில்லை என்றும் அவன் கையெழுத்தில் இருந்தது. அன்று மாலையே என்னை அழைத்து, துணையாளின் விடுமுறையை ஒன்றரை நாளாக்கலாமா, கூடுதல் அரை நாளைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கேட்டான். பெரியம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.