பூனைக்கு ஒரு சர்க்கரை மீட்டர்

எங்கள் வீட்டுப் பூனை கருப்பனுக்கு நீரிழிவு என்று சென்ற டிசம்பரில் உறுதியானபோது, இன்சுலினை எழுதிக் கொடுத்த கால்நடை மருத்துவர் கடைசியாக, "வீட்டிலேயே சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள் சார், மீட்டரை மட்டும் யோசித்து வாங்குங்கள்" என்றார். ஊசி போடக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று. மீட்டர் விஷயத்தில் தெளிவடைய ஏறக்குறைய ஆறு மாதம் ஆயிற்று. அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியதன் காரணம் முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. எங்கள் வீடு சத்துவாச்சாரியில். மருத்துவமனை பாலாற்றுக்கு அப்பால், காட்பாடியில். கூடைக்குள் அடைபட்டு, ஆட்டோவின் இரைச்சலில் பாலம் கடந்து, அங்கே மூன்று நாய்களின் குரைப்பைக் கேட்டபடி முக்கால் மணி நேரம் காத்திருந்த பூனையின் ரத்தத்தில் அன்று இருந்த சர்க்கரை 380. அதற்கு முந்தைய நாள் அதே நேரத்தில், அதே அளவு இன்சுலின் போட்டபின், வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தபோது பார்த்தது 210. பூனைகளுக்குப் பயத்தினாலேயே சர்க்கரை வெகுவாக ஏறும் என்றும், நோயே இல்லாத பூனைக்குக்கூட மருத்துவமனை மேசையில் 300ஐத் தாண்டலாம் என்றும் மருத்துவர் விளக்கினார். அந்த 380ஐ நம்பி இன்சுலினைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

முதலில் என் மனைவியின் பழைய குளுக்கோமீட்டரைத்தான் எடுத்தோம். மனிதருக்கான கருவி பூனைக்குச் சரியாகக் காட்டுமா என்ற கேள்விக்கு, ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் கிடையாது. மனித ரத்தத்தில் உள்ள குளுக்கோஸில் ஏறத்தாழ 58 விழுக்காடு ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலும் மீதி 42 விழுக்காடு சிவப்பணுக்களிலும் இருக்கிறது. பூனையிலோ 93 விழுக்காடு பிளாஸ்மாவிலேயே இருக்கிறது, சிவப்பணுக்களில் இருப்பது வெறும் 7. கருவி முழு ரத்தத்தில் அளந்ததை மனிதக் கணக்குப்படி பிளாஸ்மா அளவாக மாற்றிக் காட்டுவதால், பூனையின் உண்மையான அளவைவிடப் பெரும்பாலும் குறைத்தே சொல்லும். சர்க்கரை ஏற ஏற இந்த இடைவெளியும் அகலும். எங்கள் மருத்துவரிடம் விலங்குகளுக்கென்றே செய்யப்பட்ட ஆல்ஃபாட்ராக் கருவி இருந்தது. அதில் பூனைக்கு ஓர் அமைப்பு, நாய்க்கு ஓர் அமைப்பு. ஒரு நாள் எங்கள் மீட்டரையும் கொண்டுபோய், ஒரே குத்தில் வந்த ரத்தத்தை இரண்டிலும் வைத்துப் பார்த்தோம். அதில் 312, எங்களுடையதில் 247. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தபோது 148க்கு 119. மருந்தின் அளவை முடிவு செய்யும் மருத்துவரின் முன்னிலையில் இப்படி ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால், உங்கள் மீட்டரின் எண்ணை அவர் எப்படிப் படிக்க வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடும். எந்த விளம்பரத்தையும்விட இது எனக்குப் பயன்பட்டது.

அப்படியானால் விலங்குக்கான கருவியையே வாங்கியிருக்கலாமே என்று என் மகள் கேட்டாள். வாங்கலாம், துல்லியம் ஒன்றையே பார்த்தால் அதுதான் சிறந்தது. ஆனால் அதன் ஸ்ட்ரிப்பை, அதாவது ரத்தத்துளியை ஏற்கும் சோதனைப் பட்டையை, வெளியூரிலிருந்து வரவழைக்கத்தான் முடியும். நம்மூரில் இரவு ஒன்பது மணிக்கு ஸ்ட்ரிப் தீர்ந்துபோனால், தெருமுனை மருந்துக்கடையில் கிடைப்பது மனிதருக்கான ஸ்ட்ரிப் மட்டுமே. நான் எடுத்த முடிவு இதுதான்: மனிதக் கருவி, ஆனால் எப்போதும் ஒரே ஒரு கருவி. இன்று ஒன்றில், நாளை இன்னொன்றில் என்று பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே தெரியாமல் போகும். எண்களைப் பேசும்போது எந்த வகைக் கருவியின் எண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூனை வளர்ப்போர் பலர் மனிதக் கருவியில் 50ஐயும் விலங்குக் கருவியில் 68ஐயும் சர்க்கரை அதற்குக் கீழே இறங்கக் கூடாத எல்லையாகக் கொள்வது இதனால்தான்.

இனி, எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத செய்தி: துளியின் அளவு. பூனைக்கு ரத்தம் எடுப்பது காதின் ஓரத்தில் ஓடும் மெல்லிய ரத்தக்குழாயை ஒட்டி. அங்கே கடுகளவுகூடத் திரளாது. மனைவியின் பழைய கருவி ஒரு மைக்ரோலிட்டர் கேட்டது. மனித விரலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல, கருப்பனின் காதுக்கோ அது பெருங்கொடை. முதல் பத்து நாளில் இருபதுக்கு மேற்பட்ட ஸ்ட்ரிப்புகள் பிழைக்குறி காட்டி வீணாயின. 0.5 மைக்ரோலிட்டரில் வேலை செய்யும் ஒரு கருவிக்கு மாறியபின் நாளுக்கு ஒன்றுகூட வீணாகவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இந்த அளவை அச்சிட்டிருப்பார்கள். விலையைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள். ரத்தம் போதவில்லை என்றால் உடனே பிழை காட்டாமல், சிறிது நேரம் காத்திருந்து இன்னும் கொஞ்சம் ரத்தத்தை ஏற்றுக்கொள்ளும் கருவிகளும் உண்டு; கை நடுங்கும் என் போன்றவர்களுக்கு அவை வரம். காதின் ஓரத்தில் வாசலைனை மெல்லத் தடவிவிட்டால் ரத்தம் முடிக்குள் பரவாமல் முத்தாக நிற்கும். மார்கழிக் காலையில் காது சில்லிட்டிருக்கும்போது, துணியில் அரிசியை முடிந்து தோசைக்கல்லில் காட்டி, நம் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகு ஒத்தடம் கொடுக்க வேண்டும். சித்திரையில் அந்த வேலையே இல்லை. காதே கொதிக்கிறது.

அந்தச் சித்திரைதான் எனக்கு அடுத்த பாடத்தை வைத்திருந்தது. வேலூரை வெயிலூர் என்று கேலி பேசுவது நமக்குப் பழகிப்போனது. ஆனால் ஸ்ட்ரிப்பில் இருப்பது ஒரு நொதி. சூடும் ஈரமும் அதைக் கெடுத்துவிடும். பெரும்பாலான குப்பிகளின் மேல் 30 டிகிரிக்குள் வைக்கவும் என்று எழுதியிருக்கும். மே மாதத்தில் எங்கள் சமையலறை ஜன்னல் திட்டு 40ஐத் தொட்டுவிடும், குப்பியோ அங்கேதான் இருந்தது. ஒரு காலை 412 காட்டியது. பதறிப்போய், அதே காதிலிருந்து அடுத்த துளியை எடுத்து வைத்தேன்: 188. என் விரலில் குத்திப் பார்த்தேன், எனக்கு 231! எனக்குச் சர்க்கரை இல்லை என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஆய்வகத்துக்கு ஓடிப் பரிசோதித்ததில் இல்லை என்றே வந்தது. அந்தக் குப்பியைத் தூக்கியெறிந்தேன். ஏ.சி. ஓடும் அறையில் மர பீரோவின் கீழ்த்தட்டுதான் இப்போது ஸ்ட்ரிப்பின் இடம். குளிர்பதனப் பெட்டி கூடாது. வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துவிடும். கோடையில் ஐம்பது உள்ள பெட்டியை வாங்காமல் இருபத்தைந்து உள்ளதையே வாங்குகிறேன். லாரியிலும் கிடங்கிலும் எத்தனை நாள் வெந்து வருகிறதோ என்பதால், மே, ஜூன் மாதங்களில் தபாலில் வரவழைப்பதும் இல்லை.

செலவு ஸ்ட்ரிப்பில்தான், கருவியில் அல்ல. காலை, மாலை ஊசிக்கு முன் ஒவ்வொரு தடவை என்றாலே மாதத்துக்கு அறுபது. இன்சுலினின் போக்கை அறிய இரண்டு மணிக்கு ஒருமுறை பன்னிரண்டு மணி நேரம் பார்க்கச் சொன்னால் அன்று மட்டும் ஏழு. கருவியை இலவசமாகத் தருகிறார்கள் என்று மகிழ்வதற்கு முன் ஒரு ஸ்ட்ரிப்பின் விலையைக் கேளுங்கள்.

தோலில் ஒட்டி 14 நாள் தொடர்ந்து அளக்கும் லிப்ரே உணரியையும் ஒருமுறை முயன்றோம். முடியை மழித்து ஒட்டிய முதல் நான்கு நாளும் இரவு முழுவதும் நடப்பதைக் குத்தாமலே பார்க்க முடிந்தது பெரிய நிம்மதி. அது தோலுக்கடியில் உள்ள நீரில் அளப்பதால் ரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கும். 40க்குக் கீழும் 500க்கு மேலும் எண் வராது. ஐந்தாம் நாள் கருப்பன் அதைப் பிய்த்துக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டான்.

காதுக்காக வாங்கிய புதுக் கருவி குறைந்த ரத்தத்தில் வேலை செய்வதைப் பார்த்து என் மனைவியும் தன் பழையதை ஒதுக்கிவிட்டு அதையே எடுத்துக்கொண்டார். பிப்ரவரியில் ஓர் இரவு இரண்டு மணிக்குக் கருப்பன் தள்ளாடி நடந்தான், பார்த்தால் 46. ஈறில் தேனைத் தடவி, பிறகு உணவை ஊட்டி, அரை மணி கழித்து 71 வந்த பிறகே உட்கார்ந்தோம். காலையில் மருத்துவர் இன்சுலினைக் குறைத்தார். மார்ச்சில் மனைவியின் மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது அவருடைய மருத்துவர் கருவியின் பதிவுகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தி, "என்னம்மா இது, ராத்திரி ரெண்டு மணிக்கு 46 வந்திருக்கு, நீங்க சொல்லவே இல்லையே?" என்று கவலையோடு கேட்டார். "அது நான் இல்லை டாக்டர், பூனை" என்றார் இவர். திரும்பும் வழியிலேயே அதே வகையில் இன்னொன்றை வாங்கி, அதன் முதுகில் 'க' என்று எழுதி ஒட்டினோம்.