கோட்டைக்குள் ஒரு மைதானம்

செயின்ட் ஜார்ஜ் கோட்டை என்றால் நமக்குத் தலைமைச் செயலகம், சட்டசபை, ஆகஸ்ட் 15 கொடியேற்றம். கொடியேற்றும் உரிமையை 1974-இல் கலைஞர் முதலமைச்சர்களுக்குப் பெற்றுத் தந்தார். அதுவரை அதை ஆளுநர்தான் செய்துவந்தார்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது உள்ளே இருக்கும் பழைய அணிவகுப்பு மைதானம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகள் நடைபோட்ட சதுக்கம் அது. 1800-இல் அங்கே, திப்பு சுல்தானைப் போரில் பணியவைத்த ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் சிலையை நிறுவினார்கள். லண்டனில் தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய பளிங்குச் சிலை. அதன் பீடத்தைப் பாருங்கள், திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பணயக்கைதிகளாக ஒப்படைக்கும் காட்சி! 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாதி ராஜ்யமும் 3 கோடியே 30 லட்ச ரூபாயும் கேட்டது போதாமல், ஈடாகப் பிள்ளைகளையும் வாங்கிக்கொண்டார்கள். சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட அந்தச் சிறுவர்கள் 1794-இல்தான் தந்தையிடம் திரும்பினார்கள். குழந்தைகளைப் பிடித்து வைத்ததைப் பெருமையாகக் கல்லில் செதுக்கி ஊர் நடுவில் நிறுத்த எப்படி மனம் வந்தது? எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்புறம் சிலை பல இடம் மாறி, இப்போது கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தக் கட்டடமும் லேசுப்பட்டதல்ல: 1795-இல் வணிகர்கள் கூடும் இடமாகக் கட்டப்பட்டது, சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் அதன் மாடியில்தான் எரிந்தது.

பிள்ளைகளோடு போகிறவர்கள் சிலையின் முகத்தைவிடப் பீடத்தைக் காட்டி அந்தக் கதையைச் சொல்லுங்கள்.